அளக்க வந்தியா, இடிக்க வந்தியா?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எல்கேஜியில இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதறது இதுதான் முதல் தடவை. ல, ள, ழ எங்கயாவது மாறியிருந்தா எடிட்டரைத் திட்டிக்கங்க.

விஷயம் எங்க ஆயா வீடு. பாண்டிச்சேரின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மஞ்சள் சுவர், காகிதப்பூ, அதுக்கு முன்னாடி நின்னு எடுத்த போட்டோ. அதெல்லாம் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருக்கிற பிரெஞ்சுப் பகுதி. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி. எங்க வீடு அங்கதான். பிரெஞ்சு வீடுங்க பெரிய மதில் சுவருக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கும். எங்க பக்கத்து வீடுங்க தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். தெருவோரமா மரத்தூண் வச்ச தாழ்வாரம், வழியில போறவங்க வெயிலுக்கு ஒதுங்கலாம். அடுத்தது திண்ணை, அப்புறம் பெரிய நிலைக்கதவு, உள்ளே முற்றம். சில வீடுகள்ல கீழ்த்தளம் தமிழ் வீடு மாதிரி, மாடி மட்டும் வளைவு ஜன்னலோட பிரெஞ்சு பாணியில இருக்கும்.

மூணாம் வருஷ லீவுல சித்தப்பா கேட்டார், "சிவில்தானே படிக்கிற, நம்ம இடத்துக்கு ஒரு பிளான் போட்டுக் குடு." நானும் குஷியா ஆட்டோகேட்ல உட்கார்ந்து போட்டேன். கீழே கார் பார்க்கிங், மேலே மூணு மாடி, மொத்தம் ஆறு ஃப்ளாட். சித்தப்பா அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டார். எல்லாரும் தம்ஸ் அப். ஆயா மட்டும் என் போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துட்டுக் கேட்டுச்சு, "இதுல என் கட்டில் எங்க கண்ணு?"

ரெண்டாவது மாடியில பத்துக்குப் பத்து ரூமைக் காட்டினேன். "லிஃப்ட் இருக்கு ஆயா"ன்னேன். ஆயா ஒண்ணும் சொல்லாம போனைத் திருப்பிக் குடுத்துடுச்சு.

இந்த வருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். ஒரு பழைய தெருவை அளந்து ஆவணப்படுத்தலாம்னு கைடு சொன்னார். பஸ் காசு மிச்சம்னு எங்க தெருவையே எடுத்தேன். முதல் நாள் டேப்போட ரெண்டு ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிட்டுப் போறேன், எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில இருந்தபடியே கேட்டாங்க, "அளக்க வந்தியா, இடிக்க வந்தியா?" எல்லாரும் சிரிச்சோம். எனக்கு மட்டும் பதில் வரல. அந்த ஆறு ஃப்ளாட் ஃபைல் அப்ப என் பையில இருந்த லேப்டாப்லதான் இருந்துச்சு.

எட்டு செமஸ்டர்ல படிக்காததை அந்தத் தெருவுல நாலு மாசத்துல படிச்சேன்.

ஒண்ணு, ரோடு. எங்க திண்ணைக்கு ஏற மூணு படி இருந்துச்சுன்னு அப்பா சொல்வார். இப்ப ஒண்ணுதான் வெளியில தெரியுது. வீடு இறங்கல. ஒவ்வொரு தடவையும் பழைய தாரைச் சுரண்டாம அது மேலயே புதுசு போட்டுப் போட்டு ரோடு ஏறிடுச்சு. அதனால ஐப்பசி கார்த்திகை மழையில தண்ணி நேரா வாசலுக்குள்ள வருது. பழைய வீடு தாங்காதுன்னு சொல்றோம், ஆனா அதைத் தண்ணியில நிக்க வச்சது யாரு?

ரெண்டு, சிமென்ட். இந்தச் சுவர் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளிய விடும். அது உதிர்ந்த இடத்துல எல்லாம் நல்லது செய்யறதா நினைச்சு சிமென்ட் பூசியிருக்கோம். ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளேயே நின்னு செங்கல்லைத் தின்னுது.

மூணு, பொதுச்சுவர். ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரே சுவர்தான். ஒரு வீட்டை இடிச்சா பக்கத்து வீட்டுச் சுவர் மழையில நனையும், விரிசல் விடும். "என் இடம், என் இஷ்டம்"னு இந்தத் தெருவுல ஒருத்தர் முழுசா சொல்லிட முடியாது.

சித்தப்பா விடல. "கடற்கரையில மேரி கட்டடமே விழுந்துச்சே, நம்ம வீடு எம்மாத்திரம்?" அது உண்மைதான். 19ஆம் நூற்றாண்டுல கட்டின நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழுந்துச்சு. அப்புறம் பழைய தோற்றத்துலயே திரும்பக் கட்டி 2021ல திறந்தாங்க. "பார்த்துக்காம விட்டா விழத்தான் செய்யும் சித்தப்பா. விழுந்த பிறகு செலவு பண்றதைவிட முன்னாடியே பண்ணலாம்ல?"ன்னேன். "அது சர்க்கார் காசு. நம்ம வீட்டுக்கு யார் தருவா?"ன்னார். நியாயமான கேள்வி.

அதுக்கு வைசியாள் வீதியைக் காட்டினேன், எங்க வீட்டுல இருந்து நடக்கிற தூரம்தான். 2002ல இருந்து 2004 வரைக்கும் ஐரோப்பிய யூனியனோட ஏஷியா அர்ப்ஸ் திட்டத்துல, இன்டாக் அமைப்பும் நகராட்சியும் சேர்ந்து அந்தத் தெருவோட வீட்டு முகப்புகளைச் சீரமைச்சாங்க. வீட்டுக்காரங்களும் செலவுல பங்கு போட்டாங்க. 2008ல அதுக்கு யுனெஸ்கோ விருது வந்துச்சு. எனக்கு விருதைவிடப் பங்கு போட்டதுதான் பெரிசாத் தெரிஞ்சுது. தன் காசு போட்டவங்க அடுத்த தடவை தூணுக்கு பெயின்ட் அடிக்கும்போது யோசிப்பாங்க.

டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை எங்க திண்ணையில தெருக்காரங்களை உட்கார வச்சு என் டிராயிங்கை எல்லாம் விரிச்சேன். "பாரம்பரியம்"னு ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் பேசியிருப்பேன். ஆயா குறுக்க வந்துச்சு. "பாரம்பரியம் இருக்கட்டும். முட்டி மடங்காதவளுக்கு ராத்திரியில முற்றம் தாண்டிக் கொல்லைக்குப் போக முடியல. அதுக்கு உன் படத்துல இன்னா இருக்கு?"

எல்லாரும் கொட்ட ஆரம்பிச்சாங்க. கொசு. வண்டி நிறுத்த இடம் இல்ல. பழைய வயரிங். மாடியில வாடகைக்கு விட்டா சுண்ணாம்பு வேலைக்காவது காசு வரும், அதுக்குத் தனி படி வேணும். நான் தூண், வளைவு, நிலைக்கதவுன்னு அளந்துட்டு இருந்தேன். கட்டிலையும் கக்கூஸையும் இந்தத் தடவையும் அளக்கல. ஆறு ஃப்ளாட் பிளான்ல பண்ணின அதே தப்பு, வேற டிராயிங்ல.

அன்னைக்கு ரெண்டு முடிவு எடுத்தோம். ரோடு போட வர்றதுக்கு முன்னாடி, பழைய தாரைச் சுரண்டிட்டுத்தான் போடணும்னு தெரு மொத்தமும் கையெழுத்து போட்டு மனு. ஒவ்வொரு வாசலுக்கும் நான் எடுத்த லெவல் அதோட இணைப்பு. சுரண்டறோம்னு வாய்வார்த்தையா சொல்லியிருக்காங்க, எழுத்துல கேட்டிருக்கோம். ரெண்டாவது, யார் வீட்டுல இடிச்சுக் கட்டற வேலைன்னாலும் பொதுச்சுவர்க்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லணும். இது சட்டம் எல்லாம் இல்ல, திண்ணையில பேசின பேச்சுதான்.

எங்க வீட்டுக்குப் புது பிளான் போட்டிருக்கேன். தாழ்வாரம், திண்ணை, முற்றம் அப்படியே. முற்றத்துக்குப் பின்னாடி இருக்கிற சரிஞ்ச பகுதியை மட்டும் எடுத்துட்டு ரெண்டு மாடி. ஆயா கட்டிலுக்குப் பக்கத்துலயே, வாசப்படி இல்லாம, கைப்பிடியோட ஒரு பாத்ரூம். கார் நிறுத்த இன்னும் வழி தெரியல. சித்தப்பாவுக்கு வர்ற பங்கும் குறையும், அதை மறைக்கல. அவர் பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதனால அவர் இன்னும் சரின்னு சொல்லல. ஆனா பிளானைத் திருப்பியும் குடுக்கல.

போன வாரம் பிரின்ட் எடுத்துட்டுப் போய் ஆயாகிட்ட காட்டினேன். கண்ணாடியை மாட்டிட்டு விரலால தேடுச்சு. கட்டிலைக் கண்டுபிடிச்சதும் கேட்டுச்சு, "தலைமாடு வடக்கே வச்சிருக்கியே, யாருடி உனக்கு இன்ஜினியரிங் சொல்லிக் குடுத்தது?"

மாத்திட்டேன்.