மேக மலையில் இரண்டு நாள்

"எங்கே வேண்டுமானாலும் போய் வாருங்கள், அந்தச் சூதாட்ட மலைக்கு மட்டும் குழந்தையை அழைத்துக்கொண்டு போக வேண்டாம்" என்று என் மாமியார் சென்னையிலேயே எச்சரித்து அனுப்பினார். மலேசியாவில் ஐந்து நாள் சுற்றுவதென்று, சீட்டு எடுத்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி போட்ட திட்டம் அது. ஆனால் எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. மலை உச்சியில் பெரிய ராட்டினத் தோட்டம் இருப்பதாகப் பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி சொல்லிவிட்டாள். மாமியாரின் எச்சரிக்கை எடுபடுமா?

கோலாலம்பூரில் இறங்கியதும் முதல் காரியமாக எங்கள் உச்சரிப்பு திருத்தப்பட்டது. "ஜெண்டிங் இல்ல தம்பி, கெந்திங்!" என்றார் பத்துமலை முருகனைத் தரிசித்துவிட்டு ஏறிய டாக்ஸியின் டிரைவர். ஐம்பதைத் தாண்டிய தமிழர். அங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை 'வெள்ளி' என்றுதான் சொல்கிறார்கள். "மேல ரூம் சல்லிசாக் கிடைக்கும். ஏன் சல்லிசுன்னு யோசிச்சுக்கிட்டுப் போங்க" என்றார். பத்திரிகைக்காரன் அல்லவா? குறிப்புப் புத்தகத்தில் உடனே எழுதிக்கொண்டேன்.

கெந்திங் மலை கோலாலம்பூரிலிருந்து சுமார் 50 கிலோ மீட்டர். உயரம் ஏறக்குறைய 6,000 அடி. லிம் கோ டோங் என்ற சீனக் காண்டிராக்டர், 1960-களின் ஆரம்பத்தில் கேமரன் மலையில் மின்சாரத் திட்ட வேலை செய்துகொண்டிருந்தபோது, தலைநகரத்துக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு குளிர்ந்த இடம் இருந்தால் என்ன என்று யோசித்தாராம். 1965-ல் காட்டை வெட்டிப் பாதை போட ஆரம்பித்தார். அதற்கே நாலு வருஷம் பிடித்தது. 1969-ல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். காசினோ நடத்த அனுமதியும் கிடைத்தது. 1971-ல் முதல் ஹோட்டல் திறந்தது. இன்று அங்கே பல ஹோட்டல்கள். அதில் ஒன்றான ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் மட்டும் 7,351 அறைகள்! 2015-ல் கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு இது. தினம் ஓர் அறையாக மாற்றிக்கொண்டு தங்கினால் இருபது வருஷம் ஆகும்.

இனி, சிக்கனமாக எப்படிப் போய் வருவது என்ற சமாசாரத்துக்கு வருகிறேன். இந்தப் பெருமை முழுவதும் என் மனைவியைச் சேர்ந்தது.

வெள்ளி, சனி இரவுகளையும் பள்ளி விடுமுறை நாட்களையும் அவள் முதலிலேயே தள்ளிவிட்டாள். சனிக்கிழமை வாடகை, வார நாள் வாடகையைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் போவதுண்டு. நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை. அறை வாடகை தவிர, வெளிநாட்டார் ஒவ்வோர் இரவுக்கும் அறைக்குப் பத்து வெள்ளி சுற்றுலா வரி கட்ட வேண்டும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு மலை மேலே விலை அதிகம். ஆகவே, காலையில் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனோம். கோலாலம்பூரின் 'குட்டி இந்தியா' அது. அங்கே புளியோதரையும் இட்லியும் வாங்கிக்கொண்டு, பக்கத்திலேயே உள்ள சென்ட்ரல் நிலையத்தில் பஸ் ஏறினோம். ஒரு மணி நேரப் பிரயாணம்.

பஸ் விடும் இடம் அவானா. அங்கிருந்து கம்பி வண்டி 2.8 கிலோ மீட்டர் தூரத்தைப் பத்து நிமிஷத்தில் ஏறிவிடுகிறது. கண்ணாடித் தரை போட்ட பெட்டி என்று ஒன்று உண்டு; கட்டணம் கூடுதல். மேகம் மூடிவிட்டால் காலடியில் தெரிவது வெள்ளைப் பஞ்சு மட்டுந்தான். சாதாரணப் பெட்டியே போதும். நடுவில் சின் சுவீ கோவில் நிலையத்தில் அவசியம் இறங்குங்கள். பஞ்சத்தில் மழை வருவித்தவர் என்று ஃபூக்கியன் மாகாணத்துச் சீனர்கள் கும்பிடும் துறவி ஒருவருக்கு, லிம் கோ டோங் தம் நிலத்தைக் கொடுத்து எழுப்பிய கோவில். செங்குத்தான பாறையில் ஒன்பது நிலைக் கோபுரம். மேகம் ஒரு ஜன்னல் வழியாக நுழைந்து இன்னொன்றின் வழியாகப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதற்குக் காசு கிடையாது. இரண்டு நாளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அவானாவிலேயே பெரிய கடைத்தொகுதி ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு கைப்பையை என் மனைவி மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, "திரும்பும்போது வாங்கிக்கலாம்" என்று வைத்துவிட்டு வந்தாள். அதற்கான பணம் தனிக் கவரில் இருந்தது. மகளின் ராட்டினத் தோட்டத்துக்கான டிக்கெட் பணம் என் சட்டைப் பையில்.

முதல் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மின்னல் இடி என்றால் திறந்தவெளி ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். தோட்டத்துக்குக் காலையில் போவதே நல்லது. "குழந்தையோட நான் கடைகளைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். உங்க கட்டுரைக்காக நீங்க வேணும்னா அந்தக் காசினோவை எட்டிப் பார்த்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

மலேசியாவில் சட்டப்படி நடக்கும் ஒரே காசினோ அது. முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. 21 வயது நிரம்பாதவர்களுக்கும் இல்லை. உள்ளே போனால் பகலா இரவா தெரியவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனேன், சத்தியமாக! ரூலெட் மேஜை ஓரமாக நின்றேன். சிவப்பில் பத்து வெள்ளி வைத்தால் என்ன? வைத்தேன், இருபதாகத் திரும்பியது. அங்கேதான் சனி பிடித்தது. அடுத்து இரண்டு தடவை கறுப்பு. விட்டதைப் பிடிக்க இருபது வைத்தேன், அப்புறம் நாற்பது. முக்கால் மணி நேரத்தில் இருநூறு வெள்ளி போய்விட்டது. என் கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை. டிக்கெட் பணத்தை எடுத்தது என்னுடைய கைதான்.

அன்றிரவு, மகள் தூங்கிய பிறகு சொன்னேன். மனைவி கோபிக்கவில்லை. பள்ளியில் கணக்கு வாத்தியாரம்மா அல்லவா? "அந்தச் சக்கரம் எப்படி?" என்று கேட்டாள். ஒரு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் 37 வீடுகள். நாம் வைத்த எண் வந்தால் ஒன்றுக்கு 35 லாபம். பென்ஸிலால் போட்டுப் பார்த்தாள். "நூறு வெள்ளி வைத்தால் சராசரியாக 2 வெள்ளி 70 காசு அவங்களுக்கு. கொஞ்சம்தானே? இருநூறும் எப்படிப் போச்சு?"

நான் விழித்தேன். அவளே சொன்னாள்: "ஒரு மணிக்கு நாற்பது தடவை சுத்தினா, பத்துப் பத்தா வச்சாலே நானூறு வெள்ளி மேஜையில் ஓடிடுது. உங்க கையில இருந்ததே இருநூறு. ஒரே காசு திரும்பத் திரும்பப் போய் நிக்குது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயுது. அதுக்கு நீங்க தாங்கியிருக்கலாம். தோக்கத் தோக்க இரட்டிப்பா வச்சீங்களே, அதுதான் சீக்கிரம் முடிச்சிடுச்சு." கொஞ்சம் பொறுத்து, "ரூம் ஏன் சல்லிசுன்னு அந்த டாக்ஸிக்கார அண்ணன் சொன்னாரே. மத்தவங்க வாடகையையும் சேர்த்து நீங்க கட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

மறுநாள் வெயில் அடித்தது. கைப்பைக் கவரிலிருந்து டிக்கெட் வாங்கினாள். மகள் சாயங்காலம் வரை ராட்டினங்களை விட்டு இறங்கவில்லை. நாங்கள் பெஞ்சியில் உட்கார்ந்து மிச்சமிருந்த இட்லியைத் தின்றோம். நல்ல குளிர், ஸ்வெட்டர் எடுத்துப் போக மறக்காதீர்கள்.

திரும்பும்போது அவானாவில் இறங்கினோம். கடைத்தொகுதிக்குப் போகும் வழியை நான் காட்டினேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பஸ் வர இன்னும் அரை மணி இருந்தது.

சென்னைக்கு வந்து அவளுடைய கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பஸ், கம்பி வண்டி, வரி, புளியோதரை எல்லாம் வரிசையாக இருந்தன. அறை வாடகைக்கு நேரே இரண்டு தொகைகள்: ஹோட்டலுக்குக் கட்டியது, அதன் கீழே, 'மேற்படி பாக்கி, அவர் கையால்: 200 வெள்ளி.'