இடிச் சத்தத்துக்குக் காத்திருக்கும் தேரைகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரைச் சுற்றி விரிந்து கிடக்கிறது சொனோரன் பாலைவனம். வானளாவ நிற்கும் சவாரோ கள்ளிச் செடிகளைப் பார்க்க வருபவர்களுக்கு, தங்கள் காலுக்குக் கீழே ஓர் உயிர் பதுங்கியிருப்பது தெரிவதில்லை.

அதுதான் 'கௌச் ஸ்பேட்ஃபுட்' தேரை. இதன் பின்னங்கால்களில் மண்வெட்டி போலக் கறுத்த, கெட்டியான விளிம்பு உண்டு. அதனால் மண்ணைத் தள்ளிக்கொண்டே பின்பக்கமாக உள்ளே இறங்கிவிடும். வருடத்தில் 8 முதல் 10 மாதங்கள் வரை மண்ணுக்குள்தான் வாசம்!

ஜூலை வாக்கில் கோடை மழை இடியோடு கொட்டும். அந்த அதிர்வு எட்டியதும் தேரைகள் மேலே வரும். இரவெல்லாம் குட்டைகளில் ஆண் தேரைகளின் குரல், ஆட்டுக்குட்டி கத்துவதுபோலக் கேட்கும்.

குட்டைத் தண்ணீர் சில நாள்களில் வற்றிவிடும் என்பதால் எல்லாமே அவசரம்தான். முட்டைகள் ஒரே நாளில்கூடப் பொரித்துவிடும். தலைப்பிரட்டை 8 நாள்களிலேயே தேரையாக மாறுவதும் உண்டு. அதற்குள் தண்ணீர் வற்றினால் மொத்தக் கூட்டமும் காய்ந்துபோகும். பெரிய தேரைகளோ மழைக்குக் கிளம்பும் ஈசல்களை வயிறு புடைக்கத் தின்று, அந்தக் கொழுப்பிலேயே அடுத்த மழை வரை காலம் தள்ளும்.

ஆனால், மணலில் சீறும் மோட்டார் பைக்குகளின் அதிர்வும் இவற்றுக்கு இடிபோலவே இருக்கிறது. மழை என்று நம்பி மேலே வந்தால் தண்ணீரும் இல்லை, இரையும் இல்லை.

மழைக்கால இரவில் அந்தப் பக்கம் போகிறவர்கள் வண்டியை மெதுவாக ஓட்டுவது நல்லது. சாலையில் தேரைகள் இருக்கும். தொட்டுப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் எரியும்!