முள்ளங்கிப் பிள்ளையார்

பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை தெரியும், அறுகம்புல் தெரியும். முள்ளங்கியை நிவேதனம் செய்கிற ஊர் ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா? டோக்கியோ நகரத்தில் அந்த அதிசயத்தை நான் கண்ணால் பார்த்தேன். கூட வந்த அம்மா பார்க்கவில்லை. ஆனாலும் என்னைவிட அவளுக்குத்தான் அங்கே லாபம்!

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. க்ளாகோமா என்கிறார்களே, கண்ணில் அழுத்தம் ஏறி, சந்தடியில்லாமல் பார்வை நரம்பைத் தின்றுவிடும் வியாதி, அது வந்துவிட்டது. போன பார்வை போனதுதான். எந்த வைத்தியராலும் திருப்பித் தர முடியாது. மூன்று வருஷமாக அவளுக்கு வெளிச்சமும் நிழலுந்தான். அதைவிடப் பெரிய கஷ்டம் அவளுடைய கோபம். கோயிலுக்குக் கூப்பிட்டால், "தரிசனம் இல்லாத கோயில் எனக்கு எதற்கு?" என்பாள். யாராவது எதையாவது வர்ணித்தால், "எனக்குச் சொல்லிக் காட்டாதே!" என்று சுள்ளென்று விழுவாள். பூ வாங்கி வந்தால்கூட அதன் நிறத்தைச் சொல்ல எங்களுக்குப் பயம்.

தம்பிக்கு டோக்கியோவில் உத்தியோகம். சென்ற ஐப்பசியில் அவனுடைய பிடிவாதத்தால் இருவரும் விமானம் ஏறினோம். ஒருநாள் நிக்கோ என்ற மலையூருக்குப் பிரயாணம். அசாகுசா ஸ்டேஷனில் ரயில் பிடிக்க வேண்டும். "பக்கத்தில் நம் பிள்ளையார் இருக்கிறார். வணங்கிவிட்டு வண்டி ஏறலாம்" என்றான் தம்பி. பிள்ளையார் பெயரைச் சொன்னதால் அம்மா மறுக்கவில்லை.

விடிந்தும் விடியாத வேளை. குளிர் காதைக் கிள்ளியது. சுமிடா நதிக்கரையில் ஒரு சின்னக் குன்று. அதன்மேல் மட்சுச்சியாமா ஷோடென் என்ற கோயில். சீனாவுக்குப் போய் 806-ல் திரும்பிய குக்காய் என்ற துறவி காலத்தில் வளர்ந்த மந்திர பௌத்தத்தோடு நம் விநாயகரும் கடல் கடந்து ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தார். 'பினாயகா' என்றும் அவருக்கு அங்கே ஒரு பெயர். தம்பி அதைச் சொன்னதும் அம்மாவின் முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி.

கோயிலில் எங்கு பார்த்தாலும் ஒன்றோடொன்று பின்னிய இரட்டை முள்ளங்கிச் சிற்பம். அம்மாவின் கையைப் பிடித்து ஒன்றின் மேல் வைத்தேன். இலையிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தாள். "நிஜமாகவே முள்ளங்கிதாண்டி!" என்றாள்.

"மனசில் உள்ள கோபம் என்கிற விஷத்துக்கு அடையாளம் அம்மா இது. முள்ளங்கியை வைத்தால் கோபத்தையே ஸ்வாமியிடம் ஒப்படைத்த மாதிரி" என்று விளக்கினான் தம்பி.

"என் கோபத்துக்கு ஒரு முள்ளங்கி காணுமாடா?" என்றாள் அம்மா. நாங்கள் சிரிப்பதா வேண்டாமா என்று விழித்தோம்.

தம்பி முதல் நாளே வாங்கி வைத்திருந்தான், முழங்கை நீளத்தில் வெள்ளை வெளேரென்று ஒன்று. அம்மா அதைத் தன் கையாலேயே சமர்ப்பித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஸ்வாமி எப்படி இருக்கார்? அலங்காரம் என்ன?"

மூன்று வருஷத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தொண்டை அடைத்தது. என்ன பதில் சொல்வேன்? அங்கே மூர்த்தியை யாருக்கும் காட்டுவதில்லை. மூடிய கதவுக்குப் பின்னால்தான் எப்போதும் வாசம். "தெரியாதம்மா. இங்கே யாருமே ஸ்வாமியைப் பார்க்க முடியாது" என்றேன்.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பக்கத்தில் ஜப்பானியக் கிழவி ஒருத்தி கண்ணை மூடிக் கை கூப்பி முணுமுணுத்துக் கொண்டிருந்தாள். அந்தக் குரல் வந்த பக்கம் அம்மா காது கொடுத்தாள். "அப்படியானால் இங்கே எல்லோரும் என் மாதிரிதான்" என்று சொல்லி, அவளும் கை கூப்பினாள்.

எட்டு மணி வாக்கில் ரயில் புறப்பட்டது. வளைவில் ஆமைபோல் நகர்ந்து, சுமிடா பாலத்தில் ஏறியது. இரண்டு மணி நேரத்துக்குள் நிக்கோ. நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டிருந்தேன். அம்மா என் முழங்கையை இடித்தாள். "ஏண்டி, ஊமையா நீ? வெளியே என்ன தெரிகிறது, சொல்லேன்!"

சொன்னேன்! ஆற்றைச் சொன்னேன், படகைச் சொன்னேன். 2012-ல் திறந்த 634 மீட்டர் கோபுரம் ஒன்று பாதை ஓரமாகவே நிற்கிறது. "எவ்வளவு குனிந்து எட்டிப் பார்த்தாலும் உச்சி தெரியவில்லையம்மா" என்றேன்.

"உனக்கும் தெரியவில்லையா?" என்று சிரித்தாள் அம்மா. "சரி, மேலே சொல்லு!"

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் கண் மங்கிய பெரியவர்கள் இருக்கலாம். அவர்கள் கேட்கிற நாள் வரும். அன்றைக்குச் சோம்பாமல் சொல்லுங்கள். அறுவடை முடிந்த வயலை, பழுத்துச் சிவந்த மேப்பிள் மரத்தை, தூரத்து மலையை எல்லாம் நிக்கோ வரும்வரை நான் சொல்லிக்கொண்டே போனேன். நாக்கு வறண்டதுதான் மிச்சம். அம்மா விடவில்லை!