நெய்வேலியில் கற்ற பாடம்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் பேருந்தில் ஏறிக் குறிஞ்சிப்பாடியைக் கடந்தால், செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் கண்ணுக்கு விருந்தாகின்றன. வடலூரை நெருங்கும்போது தொலைவில் வானளாவிய புகைபோக்கிகள் தென்படுகின்றன. அவையே நெய்வேலியின் அடையாளம். அங்குள்ள பங்கொன்றில் நம் நண்பராகிய குருவானவர் கண் அறுவைச் சிகிச்சைக்குச் சென்றிருந்தமையால், அவர் திரும்பும்வரை திருப்பலி நிறைவேற்றும் பொருட்டு, கடந்த மே மாதத்தில் ஒரு வாரம் நாம் அங்குத் தங்க நேர்ந்தது. உதவி செய்யப் போகிறோம் என்ற எண்ணத்தோடு புறப்பட்டோம், கடனாளியாகத் திரும்பினோம். அந்தக் கதையையே இங்கு எழுதத் துணிகின்றோம்.

வழியில் வடலூரில் இறங்கினோம். இராமலிங்க அடிகளார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் தொடங்கிய சத்திய தருமச்சாலை அங்கே இருக்கின்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்துவருகின்றது. வருகிறவரின் சாதியையோ சமயத்தையோ அங்கு எவரும் கேட்பதில்லை. பசித்து வந்தவருக்குச் சோறு உண்டு. பிற சமயத்தாரிடம் விளங்கும் நன்மையை மதித்துப் போற்ற 1965இல் நமக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். அந்த அடுப்பின் முன் நின்றபோது ஓர் எண்ணம் நம் உள்ளத்தில் தைத்தது. எரிகின்ற அடுப்பு யாரையும் 'நாளைக்கு வா' என்று திருப்பி அனுப்புவதில்லை. அந்த எண்ணம் நம்மையே சுடப்போகிறது என்பதை அப்போது நாம் அறியவில்லை.

மாலையில் வேறு பேருந்து ஏறி, ஆர்ச் கேட் வழியாக நகரியத்தினுள் சென்றோம். நேரான சாலைகள், நிழல் தரும் மரங்கள், எண்ணிட்ட வட்டங்கள், பள்ளிகள், மருத்துவமனை என யாவும் திட்டமிட்டு அமைக்கப்பட்டவை. இவ்வூரின் வரலாறே ஒரு கொடையோடு தொடங்குகின்றது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரது நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பான பொருளொன்று நீரோடு வெளிப்பட்டது. அவர் அதனை அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். பின்னர்த் தம் நிலத்தில் 600 ஏக்கருக்கும் மேற்பட்டதை இத்திட்டத்துக்கே வழங்கினார். 1956இல் நிறுவனம் தோன்றியது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது. 1962இல் மின்சாரம் பிறந்தது. சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த அந்த முதல் அனல்மின் நிலையம், ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உழைத்தபின் 2020இல் ஓய்வுபெற்றது. பின்வந்த நிலையங்கள் இன்று நம் வீடுகளுக்கு ஒளி தருகின்றன.

அந்த ஒளிக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. சுரங்கத்துக்காகப் பல ஊரார் தம் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். 2023 ஜூலையில் வளையமாதேவியில், பயிர் நின்ற வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதைச் செய்தித்தாள்களில் கண்டு நாடே கலங்கியது. நகரியத்துக்கு வெளியே, சிற்றூர்களில், ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்கள் பல நாட்கூலியை நம்பி வாழ்கின்றன.

பங்கைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் சுரங்கத்தைக் காட்ட நம்மை அழைத்துச் சென்றார். மேலிருந்து நோக்கினால், பெருஞ்சக்கரத்தில் வாளிகளைப் பொருத்திய இயந்திரங்கள் எறும்புபோல் சிறுத்துத் தெரிகின்றன. மேல்மண்ணை அகற்றிய பின்னரே கரி கிடைக்கின்றது. கரிப் படுகையின் கீழே நீர் மிகுந்த அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருப்பதால், அதனை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

"இவ்வளவு பாடுபட்டு எடுக்கிறீர்களே, நெடுந்தொலைவு அனுப்பலாமே?" என்று கேட்டோம்.

"முடியாது, சாமி. இதில் ஏறக்குறையப் பாதி ஈரம். உலர்ந்தால் பொடிப்பொடியாக உதிரும். நெடுநாள் குவித்து வைத்தால் தானே தீப்பிடித்துக்கொள்ளும். ஆகவேதான் சுரங்கத்துக்கு அருகிலேயே மின்நிலையம். எடுத்த இடத்திலேயே, எடுத்த சூட்டோடு பயன்படுத்திவிட வேண்டும்" என்றார் அவர்.

ஞாயிறு மாலை, புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் இருவர் வீடு சந்திக்கப் புறப்பட்டனர். ஒருவர் சுரங்கத்தில் பணிபுரிபவர்; மற்றவர் பள்ளி ஆசிரியை. நம்மையும் அழைத்தனர். இச்சபையின் தோற்றத்தை வாசகர்கள் அறிவர். 1833இல் பாரிசு நகரில், "உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கின்றது?" என்று எதிரணியினர் கேட்டபோது, இருபது வயது மாணவர் பிரெடெரிக் ஓசானாம் வாதத்தால் விடை சொல்லவில்லை. தம்மிடம் எஞ்சியிருந்த குளிர்கால விறகைத் தோழர் ஒருவரோடு ஏழை வீட்டுக்குச் சுமந்து சென்றார் என்று அவர் வரலாறு கூறுகின்றது. அவரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1997இல் பாரிசிலேயே முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

மந்தாரக்குப்பத்துக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில், மூன்றாவது வீட்டு வாசலில் இளம்பெண் ஒருத்தி எழுந்து நின்று கைகூப்பினாள். முந்திரி உடைக்கும் தொழிலால் அவள் விரல்கள் கறுத்திருந்தன.

"சாமி, என்னைத் தெரிகிறதா?" என்றாள்.

தெரிந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன், இப்போதுள்ள நம் பங்கில், புனித அந்தோனியார் திருவிழாவுக்கு இரு நாட்களுக்கு முன், அவள் தந்தை நம்மிடம் வந்தார். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணத்தில் 3,500 ரூபாய் குறைகிறது என்றார். தேரின் மின்விளக்கு அலங்காரத்துக்கென வசூலித்த 18,000 ரூபாய் அந்நேரம் நம் மேசை அறையில் இருந்தது. "திருவிழா முடியட்டும், பிறகு வா, பார்க்கலாம்" என்றோம். அவர் தலையசைத்துவிட்டுப் போனார், பிறகு வரவில்லை. கட்டணம் செலுத்தக் கடைசி நாள் சூன் 12 என்பதை நாமும் கேட்கவில்லை. அவரும் சொல்லத் துணியவில்லை. அக்குடும்பம் பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போயிற்று. ஏழைகளுக்கு அப்பம் பகிரும் வழக்கம் எந்தப் புனிதரின் பெயரால் உலகெங்கும் விளங்குகிறதோ, அவருடைய திருவிழாவின் பெயராலேயே நாம் ஓர் ஏழையைத் திருப்பி அனுப்பினோம்.

"அம்மா, அன்று நாம் தவறிவிட்டோம்" என்றோம். வேறு சொல் வரவில்லை.

அவள் குற்றம் சாட்டவில்லை. "சாமி, நீங்கள் இல்லை என்று சொல்லவில்லையே. பிறகு என்றுதானே சொன்னீர்கள்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே சென்றாள். 'இல்லை' என்று நாம் சொல்லியிருந்தால் அவள் தந்தை வேறு கதவைத் தட்டியிருப்பார். 'பிறகு' என்ற சொல்லே அவரைக் கட்டிப்போட்டது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அவளுடைய தம்பி இப்போது தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கிறான். சென்ற ஆண்டு அவனுக்கு விண்ணப்பம் நிரப்பியவர் அந்த ஆசிரியை. கட்டணத்தில் குறைந்ததை அன்று மாலையே கொண்டுவந்து கொடுத்தவர் அந்தச் சுரங்கப் பணியாளர். அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. கடைசி நாள் எது என்று கேட்டார்கள், அவ்வளவே.

நாம் புறப்படும் வேளையில் தந்தை வேலை முடிந்து மிதிவண்டியில் வந்து சேர்ந்தார். நம்மைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. ஆசீர் பெற்றபின், சட்டைப்பையிலிருந்து மடித்த 100 ரூபாய்த் தாளை எடுத்து நம் கையில் வைத்து, "அந்தோனியார் திருவிழாவுக்கு, சாமி" என்றார். மறுக்க நமக்கு அருகதை இல்லை. வாங்கிக்கொண்டோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆடையும் உணவும் இல்லாதவரிடம் நல்வாழ்த்து மட்டும் சொல்லி அனுப்புகிறவனின் விசுவாசம் உயிரற்றது என்று புனித யாகப்பர் தம் திருமுகத்தில் கண்டிக்கிறார். கையில் இருக்கும்போதே அயலானை நாளை வரச் சொல்லாதே என நீதிமொழி நூலும் எச்சரிக்கின்றது. இவற்றை நாம் குருமடத்தில் படித்தோம். மக்களுக்கும் பலமுறை விளக்கினோம். ஆயினும் பழுப்பு நிலக்கரியைப் பற்றி அந்தப் பொறியாளர் சொன்ன பிறகே அவை நம் நெஞ்சில் இறங்கின. நற்செயலும் குவித்து வைக்கத் தகாத பொருளே. எழுந்த இடத்திலேயே, எழுந்த சூட்டிலேயே அது பயன்படவேண்டும்.

ஊர் திரும்பியதும் பங்குப் பேரவையைக் கூட்டி நம் தவற்றை மறைக்காமல் சொன்னோம். விளக்கு அலங்காரச் செலவைப் பாதியாக்கினோம். அந்த 100 ரூபாயை முதற்காணிக்கையாக இட்டுக் கல்வி உதவிப் பெட்டி ஒன்றை அந்தோனியார் பீடத்தருகே வைத்தோம். கொடியேற்றத்துக்கு முன்பே நான்கு பிள்ளைகளின் கட்டணம் செலுத்தப்பட்டது. இவ்வாண்டுத் தேர் சற்று மங்கலாக வந்தது எனச் சிலர் குறைகூறினர். உண்மைதான். அந்தப் பெண் இழந்த ஆறு ஆண்டுகளை நம்மால் திருப்பித்தர இயலாது என்பதும் உண்மையே.

அன்பார்ந்த குடும்பத்தினரே, உங்கள் வாசலுக்கும் யாரேனும் தயங்கியபடி வந்து நிற்பார். முடிந்தால் அன்றே செய்யுங்கள். முடியாதென்றால் முடியாது என்றே அன்போடு சொல்லி, வேறு கதவைக் காட்டுங்கள். 'பிறகு வா' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவருடைய கடைசி நாள் எது என்று கேட்டறியுங்கள்.