இரண்டு நிமிட இடைவெளி

இமாசலப் பிரதேசத்தின் சிம்லா நகரிலிருந்து 2005ஆம் ஆண்டில் ஒரு மிதிவண்டிப் பந்தயம் தொடங்கியது. தார்ச் சாலையில் ஓடி முடிக்கும் பந்தயமன்று அது. காட்டுத் தடங்களையும், கற்கள் சிதறிய மேடுகளையும், ஓடைகளையும் கடந்து நாள்கணக்கில் செல்லவேண்டும். பகலெல்லாம் மிதித்தவர்கள் இரவில் கூடாரத்தில் உறங்கி, விடியலில் மீண்டும் புறப்படுவர். 10,000 அடிக்கும் மேலான ஜலோரிக் கணவாயையும் இப்பந்தயத்தினர் ஏறிக் கடந்துள்ளனர். மலையேற்றம் அறியாத செட்டிநாட்டுச் சமவெளியில் வாழும் நமக்கு, கேட்கும்போதே மூச்சு வாங்குகிறது.

இவ்வகைப் பந்தயங்களுள் உலகப் புகழ் பெற்றது, தென்னாப்பிரிக்காவில் 2004ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் கேப் எபிக். எட்டு நாள்கள், 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. ஏறும் மேடுகளையெல்லாம் கூட்டினால் எவரெஸ்டின் உயரத்தையும் விஞ்சும். ஆயினும் நம் சிந்தையைக் கவர்ந்தது அதன் கடுமையன்று, அதன் விதியொன்றே.

அப்பந்தயத்தில் இருவர் இருவராகவே சேரவேண்டும். வழி நெடுக அவ்விருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருத்தலாகாது. மீறினால் தண்டனை உண்டு. நாள் முடிவில் இருவருள் பின்னால் வருபவர் எல்லைக் கோட்டைத் தாண்டும் நேரமே அவர்களது நேரம். வல்லவர் எவ்வளவு விரைந்து வந்தாலென்ன? துணைவர் வந்து சேரும்வரை அவரும் வந்து சேராதவரே.

நம் ஆண்டவரும் சீடரை இருவர் இருவராக அனுப்பினார் என்பதை மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். உயிர்ப்பு நாளன்று காலையில் கல்லறைக்கு ஓடிய இருவரையும் நினைத்துப் பாருங்கள். இளையவரான அருளப்பர் முந்தி ஓடினார், முதலில் சேர்ந்தார். எனினும் உள்ளே நுழையவில்லை. முதியவரான இராயப்பர் வரும்வரை வாயிலில் நின்றார். முந்துவதற்குக் கால் வலிமை போதும். வாயிலில் நிற்பதற்கு அன்பு வேண்டும்.

சென்ற தவக்காலத்தில் நம் பங்கினர் சிலர் காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாக ஓரியூருக்கு மிதிவண்டியில் திருப்பயணம் சென்றனர். புனித அருளானந்தர் 1693ஆம் ஆண்டில் குருதி சிந்திய செம்மண்ணை அறியாதார் யார்? புறப்படுமுன் இந்த இரண்டு நிமிட விதியை அவர்களுக்குச் சொன்னோம். நாமும் கடைசி வரிசையில் சேர்ந்துகொண்டோம்.

நமக்குச் சற்று முன்னே ஒரு தந்தையும் மகனும். மகனிடம் பல கியர்கள் கொண்ட புதிய வண்டி. தந்தையிடம் அவர் நெடுங்காலமாக வேலைக்குச் சென்றுவந்த பழைய வண்டி. திருவாடானையைக் கடந்ததும் கீழைக் காற்று எதிர்த்து வீசியது. தந்தையின் வேகம் குறைந்தது. மகன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். “நீ முன்னாலே போப்பா, நான் மெள்ள வந்துர்றேன்” என்றார் அவர். மகனும் போய்விட்டான்.

சாலையோரப் புளியமரத்தடியில் அவன் காத்திருக்கக் கண்டோம். விதி நினைவுக்கு வந்திருக்கவேண்டும். தந்தை வந்ததும் அவருக்கு நேர்முன்னே வண்டியைச் செலுத்தலானான். காற்று அவன் மார்பில் மோதிற்று. அவன் முதுகின் மறைவில் தந்தை எளிதாக மிதித்தார். மிதிவண்டி வீரர் யாவரும் அறிந்த உண்மை இது: நெருங்கி முன்செல்பவர் காற்றைத் தாம் வாங்கிக்கொள்வதால் பின்வருபவருக்கு உழைப்புக் குறைகிறது. வெகுதூரம் முந்திவிட்டால் அந்த மறைவு கிட்டாது.

அன்புக் குடும்பங்களே, “நீ போ, நான் வந்துவிடுகிறேன்” என்னும் சொல்லை நாம் வீடு வீடாகக் கேட்டிருக்கிறோம். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் புறப்படும் மகனிடம் தாய் சொல்லுகிறாள். கணவனிடம் நோயுற்ற மனைவி சொல்லுகிறாள். படிப்பில் பின்தங்கிய தம்பி, முதல் மதிப்பெண் வாங்கும் அண்ணனிடம் சொல்லாமல் சொல்லுகிறான். அது பாதி அன்பு. பாதி, தம்மால் பிறருக்குத் தடையாகிறதே என்னும் கூச்சம். கேட்பவருக்கோ அச்சொல்லை அப்படியே நம்பிவிடுவது மிகவும் வசதியாயிருக்கிறது. நற்கருணையை எடுத்துக்கொண்டு முதியோர் இல்லங்களுக்குச் செல்லும்போது, பெரிய வீட்டில் ஓர் அறையில் மட்டும் விளக்கெரியக் காண்கிறோம். பிள்ளைகள் கெட்டவர்களல்லர், பணம் தவறாமல் வருகிறது. இடைவெளிதான் இரண்டு நிமிடத்தைக் கடந்துவிட்டது.

யாரும் முன்செல்லக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. பிழைப்புக்காக ஒருவர் முன்செல்லத்தான் வேண்டும். அவர் காற்றை வாங்கிக்கொள்வதால்தான் குடும்பம் நடக்கிறது. விதியும் இருவரையும் கயிற்றால் பிணைக்கவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் இருக்கவே சொல்லுகிறது. பின்வருபவருக்கும் கடமையுண்டு. தம்மால் இயன்றவரை மிதிக்கவேண்டும். இயலாதபோது “சற்று நில்” என்று கூசாமல் கேட்கவேண்டும். காத்திருக்கச் சொல்லும் தாழ்ச்சி, காத்திருக்கும் பொறுமைக்குக் குறைந்ததன்று.

இன்றிரவு செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் வீட்டில் கடைசியாக வருபவர் யாரென்று எண்ணிப் பார்ப்போமாக. அவர் இருப்பது தொலைவிலாயின் இன்றே அழைத்துப் பேசுவோம். அருகிலாயின் எழுந்து சென்று பக்கத்தில் அமர்வோம். விண்ணக வாயிலில் நாம் தனியே போய் நிற்காமல், நமக்கென அளிக்கப்பட்ட துணையோடு சேர்ந்து நிற்க இறைவன் அருள்வாராக.