துணைச்சிற்றினம் என்னும் சொல்லின் எடை

தாராவியிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. அச்சீமையின் மேற்கெல்லையாக நிற்கும் அகத்தியமலைத் தொடரின் சோலைக்காடுகளில் சிறு நீலப்பறவை ஒன்று வாழ்கிறது. அதற்குத் தனிப்பெயர் கிடைத்தது 2017இல்தான்.

அதுவரை அப்பறவையின் வரலாறு பிறர் பெயரில் ஒண்டிக்கிடந்த வரலாறு. நீலகிரிப் பறவையை ஜெர்டனும், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே வாழும் வெள்வயிற்றுப் பறவையை 1868இல் பிளான்ஃபோர்டும் விவரித்தனர். மும்பையின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தோடு வாழ்நாள் முழுதும் பிணைந்திருந்த சாலிம் அலி, டில்லன் ரிப்ளியுடன் எழுதிய பத்துத் தொகுதிக் கையேட்டில் (1968-74) இவ்விரண்டும் ஒரே சிற்றினத்தின் துணைச்சிற்றினங்களாயின. 2005இல் ராஸ்முசனும் ஆண்டர்டனும் அவற்றை மீண்டும் பிரித்தனர். பேரினப் பெயரும் ஒன்றில் நிலைக்கவில்லை.

வி. வி. ராபின் குழுவினர் மரபணு, உடலளவு, பாடல் ஆகியவற்றைச் சேர்த்து ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு இச்சிக்கலை அவிழ்த்தது. இப்பறவைகள் முன்பு சேர்க்கப்பட்டிருந்த பேரினங்களைச் சார்ந்தவை அல்ல; நீல ஈப்பிடிப்பான்களுக்கு நெருக்கமான தனிக்கிளை. புதிய பேரினத்துக்கு 'ஷோலிகோலா' என்று பெயரிட்டனர். நம் 'சோலை'யே அதன் முதற்பாதி. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே வாழும் பறவை 'ஷோலிகோலா அஷாம்புவென்சிஸ்' ஆயிற்று.

இதற்குக் காரணம் நிலவமைப்பு. உயர்மலைக் குளிருக்குப் பழகிய பறவைக்கு வெப்பமான கணவாய் கடல் போன்றது. அதைக் கடவாமல் தலைமுறைகள் கழியக் கழிய, இருபுறத்து உயிர்களும் வெவ்வேறாகின்றன.

எனினும் விவாதம் முடியவில்லை. சில உலகப் பறவைப் பட்டியல்கள் அகத்தியமலைப் பறவையை இன்றும் துணைச்சிற்றினமாகவே வைத்துள்ளன. இதைப் பெயர்ச்சண்டை என்று ஒதுக்குவதற்கில்லை. அழிவபாய மதிப்பீடு பெரும்பாலும் சிற்றின அளவிலேயே செய்யப்படுகிறது. துணைச்சிற்றினமாக நிற்கும்வரை, அண்டை மலைகளின் எண்ணிக்கையும் பரப்பும் அதன் கணக்கில் சேரும். அதன் தனி நலிவு அந்தக் கூட்டுத்தொகையில் மறைந்துபோகும். தனிச்சிற்றினமாக எண்ணினால், ஒரே மலைத்தொடரின் சில சோலைகளே அதன் முழு உலகம் என்பது புலப்படும்.

வகைப்பாட்டியலைப் பெயர்களின் மனப்பாடமாகக் கருதும் மாணவர், எந்த உயிரின் இழப்பைத் தனியே கணக்கிட வேண்டும் என்பதையும் அத்துறையே தீர்மானிக்கிறது என்பதை இப்பறவையிடம் கற்கலாம்.