பதினைந்தில் ஒரு பங்கு

வேடந்தாங்கல் ஏரிக்கரை. மார்கழி மாலை, ஐந்தே கால் மணி. ஆறு மணிக்கு வெளியே போகச் சொல்லி விசில் ஊதிவிடுவார்கள்.

சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் கேமரா இல்லை. பிளாஸ்கில் காபியும், இரவல் வாங்கிய பைனாகுலரும் மட்டும். பறவை பார்க்க வந்து, பறவை பார்க்க வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வழக்கம். இவர்கள் அவ்வளவு சீக்கிரம் பறந்துவிடுவதில்லை.

தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் இடம்பிடிக்கும் சண்டை நடக்கிறது. வயல்களில் நத்தை பொறுக்கிவிட்டு நத்தைக்குத்தி நாரைகள் திரும்புகின்றன. நீர்க்காகங்கள் சிறகைப் படபடவென்று அடித்தபடி, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி வருகின்றன. நான்கு இளைஞர்கள், ராணுவப் பச்சைச் சட்டை, ஆளுக்கொரு பீரங்கி லென்ஸ். இவ்வளவு நேரம் தையல் மிஷின் போல ஓடிக்கொண்டிருந்த கேமராக்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன.

"ஐ.எஸ்.ஓ. பன்னெண்டாயிரம் போயிடுச்சு மச்சான். ஒரே நாய்ஸ்."

"விடுடா, லைட் போச்சு."

ஜிப் இழுபடும் சத்தம். ஐந்து முப்பத்தைந்துக்குக் கரை காலி.

ஒரு அம்மா மட்டும் கிளம்பவில்லை. ஐம்பது வயது இருக்கலாம். காட்டன் புடவை, மேலே சாம்பல் ஸ்வெட்டர், காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. பையன்கள் போகட்டும் என்றே காத்திருந்த மாதிரி இப்போதுதான் எழுந்து டிரைபாடின் தலையைத் தளர்த்துகிறார். லென்ஸின் பக்கவாட்டில் உள்ள சிறு ஸ்விட்சை நகர்த்துகிறார். பிறகு கேமராவின் சக்கரத்தை டக், டக், டக் என்று திருப்புகிறார். பெஞ்ச் அவருக்கு நேர் பின்னால் இருப்பதால் திரை எனக்கும் தெரிகிறது. 1/15.

பகலில் பறக்கும் பறவையை எடுக்க விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வார்கள். அங்கிருந்து பதினைந்தில் ஒரு பங்குக்கு இறங்க ஆறு படி. படிக்கு இரட்டிப்பாக, 64 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 400-இலிருந்து 25600-க்கு ஏற்றினாலும் கணக்கு அதேதான். பையன்கள் அந்த வழியில் போய்ப் புள்ளி புள்ளியாகப் பொரிந்த படத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். இந்த அம்மா கேமராவின் கதவைச் சற்று நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கிறார். அந்த நேரத்துக்குள் பறவை சும்மா இருக்குமா? சிறகு மேலிருந்து கீழே வந்துகொண்டிருக்கும். வந்த வழி முழுதும் படத்தில் விழும்.

அவர் உடம்பு திரும்புவதைப் பார்க்கவேண்டும். ஆட்டுக்கல்லில் மாவாட்டும்போது இடுப்புக்கு மேலே ஒரு சுழற்சி வருமே, அது. பறவை வருவதற்கு வெகு முன்பே தொடங்கி, கடந்துபோன பின்னும் நிற்காமல் திரும்புகிறார். பட்டனை அழுத்தியதும் நின்றுவிட்டால் எல்லாம் கெட்டது.

கெடத்தான் செய்கிறது. நீர்க்காகம் ஒன்று, கரிக்கட்டையை விரலால் தேய்த்த மாதிரி. அழிக்கிறார். அரிவாள் மூக்கன் ஒன்று, மூக்கே இல்லை. அழிக்கிறார். நாற்பது வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். அவர் முகத்தில் வருத்தமில்லை. வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்த்து முற்றலை ஒதுக்கும் முகம்.

கலங்கிய படமெல்லாம் கலை ஆகிவிடாது. கை நடுங்கி எடுத்ததற்குக் கவித்துவமாக ஒரு தலைப்பு வைத்து ஃபேஸ்புக்கில் போடுகிறவர்களும் என் நட்பு வட்டத்தில் உண்டு. இவர் தேடுவது வேறு. தலை ஒன்று நிற்கவேண்டும், மற்றதெல்லாம் ஓடலாம். வியன்னாவில் பிறந்த புகைப்படக்காரர் எர்ன்ஸ்ட் ஹாஸ் இப்படி எடுத்த காளைச் சண்டைப் படங்கள் 1957-இல் ‘லைஃப்’ பத்திரிகையில் வந்தன. காளையும் வீரனும் துணியும் ஒன்றில் ஒன்று கரைந்து ஓடும் படங்கள். அன்றைய கலர் ஃபிலிம் ரொம்ப மந்தம், நிறைய வெளிச்சம் கேட்கும். அந்த மந்தத்தையே அவர் தன் பாணியாக்கிக்கொண்டார்.

ஐந்து ஐம்பது. கூழைக்கடா ஒன்று தாழ்வாக, அவசரமே இல்லாமல் வருகிறது. அம்மா திரும்புகிறார். கிளிக் சத்தம்கூட மெதுவாகக் கேட்கிறது: க்ளி... க்.

திரையில் பின்னால் நின்ற மரங்கள் எல்லாம் கிடைக்கோடுகளாகி, கோரைப்பாய் விரித்தது போல் கிடக்கின்றன. அதன்மேல் கோலமாவு விரலிடுக்கில் சிந்தி இழுபட்ட மாதிரி வெள்ளை. அதற்கு முன்னால் ஒரு கண். இதை அழிக்கவில்லை.

காவல்காரர் விசிலோடு வந்து நிற்கிறார். நரைத்த மீசை, காக்கிச் சட்டை. திரையை எட்டிப் பார்க்கிறார்.

"இன்னாம்மா, எல்லாம் கலங்கினாப்ல இருக்குது?"

"அப்படித்தாண்ணா எடுத்தேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து இன்னொரு தரம் பார்த்தார்.

"கூழக்கடா. கழுத்த மடிச்சிக்கினு வருது பாரு. நத்தகுத்தின்னா நீட்டிக்கினு வரும்."

இந்த ஊர்க்காரர்கள் 1798-இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று எழுதி வாங்கியவர்கள். அவர்கள் வழியில் வந்தவருக்கு அலகின் புள்ளியும் இறகின் விளிம்பும் எதற்கு? இந்த நேரத்துப் பறவையை அவர் இப்படித்தான் பார்த்து வந்திருப்பார். எனக்கும் பைனாகுலர் இல்லாமல் இப்படித்தான் தெரிந்தது, கவனித்ததில்லை.

"இன்னும் ரெண்டு நிமிசம்" என்றார் அம்மா.

"எடும்மா" என்றவர், விசிலை வாயருகே கொண்டுபோய் ஊதாமல் வைத்திருந்தார்.

ஆறு ஐந்துக்குக் கேட்டைச் சாத்தினார்கள். வக்காக்கள் இரை தேட அப்போதுதான் கிளம்பின.